உஷார்! பசளை விசிறி மாட்டும்போதே விபத்துக்கு நாள் குறிக்கிறோம்

பெரும்போகத்துக்கு மண் புரளத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பின் படுவான்கரையில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று வட்டை வட்டையாக உழவு இயந்திரங்கள் இறங்கும். காலையில் ரொட்டவேற்றர், மத்தியானம் பெட்டி, பின்னேரம் பசளை விசிறி என்று ஒரே மெசினுக்குப் பின்னால் ஒரே நாளில் மூன்று கருவிகள் மாறும். மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இந்த எச்சரிக்கை. வயலுக்குள் ஓடும்போது நடக்கிற விபத்துக்கு, மாட்டும்போதே நாள் குறித்துவிடுகிறோம்.

நம் பக்கத்தில் பசளையைக் கையால் விசிறுவதுதான் வழக்கம். வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வரம்போரம் நடந்து விசிறுகிற ஆட்கள் ஒரு பிடியில் எத்தனை மணி விழுகிறது என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடிப்பதே இப்போது பெரும்பாடு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடுத்து, அந்த ஆண்டு நவம்பரில் தடையைக் கைவிட்ட கதையும் யாருக்கும் மறந்திருக்காது. அதன்பிறகு யூரியாவை வீணாக்க எவருக்கும் மனம் வருவதில்லை. ஒரே அளவாகத் தூவுகிற கருவி என்றால் ஆசை வராமல் இருக்குமா? வரட்டும், தப்பில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு மாட்டுங்கள்.

மேலே கூம்பு வடிவத் தொட்டி. அதன் அடியில் பசளையைக் கிளறிவிடுகிற ஒரு கம்பி. அதற்கும் கீழே தகடுகள் வைத்த வட்டத் தட்டு. மெசினின் பின்பக்கம் இருக்கிற பி.ரி.ஓ. முனையிலிருந்து ஒரு தண்டு போய் இவற்றைச் சுழற்றுகிறது. ரொறன்ரோவில் பனிக்காலத்து இரவுகளில் தெருவுக்கு உப்புத் தூவப் போகிற நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய ட்ரக்கின் பின்னாலும் தொட்டி, கிளறி, தட்டு என்று இதே ஏற்பாடுதான் இருக்கிறது. அங்கே உப்பு, இங்கே பசளை. கையை இழுத்துக்கொள்வதில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

ஒரு வினாடி, ஒரு சாரம்

பி.ரி.ஓ. தண்டின் வழமையான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு வினாடிக்கு 9 சுற்று. தண்டின் குறுக்களவு ஏழரை சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஒரு சுற்றில் ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர் துணியைச் சுருட்டும். ஒன்பது சுற்றில் இரண்டு மீற்றருக்கு மேல். நீங்கள் உடுத்திருக்கிற சாரத்தின் முழுச் சுற்றளவே ஏறத்தாழ அவ்வளவுதான். “ஐயோ” என்று வாயைத் திறப்பதற்குள் சாரம் முழுவதும் தண்டில் இருக்கும். சாரத்தோடு நீங்களும் இருப்பீர்கள். கழுத்தில் போட்ட துவாய், அவிழ்ந்த சட்டைக் கை, மணிக்கட்டில் கட்டிய நூல், விரித்துவிட்ட தலைமுடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

தண்டு வழுவழுப்பாகத்தானே இருக்கிறது, துணி எப்படிப் பிடிபடும் என்று கேட்பவர்கள் உண்டு. இரு முனையிலும் உள்ள ஜொயின்ற், அதில் துருத்திக்கொண்டு நிற்கிற பூட்டு, கிறீஸ் அடிக்கிற நிப்பிள், காய்ந்து ஒட்டிய சேறு, இவற்றில் ஏதாவது ஒன்று நூலிழையைப் பற்றினால் போதும். மிச்சத்தை வேகம் பார்த்துக்கொள்ளும்.

இதற்காகத்தான் தண்டின்மேல் பிளாஸ்ரிக் உறை போட்டுக் கொடுக்கிறார்கள். உள்ளே தண்டு சுழலும், உறை சுழலாமல் நிற்கும். உறையில் தொங்குகிற மெல்லிய சங்கிலியை மெசினிலும் விசிறியிலும் அசையாத ஓர் இடத்தில் கொளுவிவிட வேண்டும். கொளுவாவிட்டால் உறையும் தண்டோடு சேர்ந்து சுழலும், அப்போது அது பெயருக்குத்தான் உறை. மெசினின் பி.ரி.ஓ. முனைக்கு மேலே ஓர் இரும்புக் கவசமும் இருக்கும். பழைய மெசின்கள் பலவற்றில், ரொட்டவேற்றர் மாட்ட இடைஞ்சல் என்று அதை எப்போதோ கழற்றி வாடியின் மூலையில் போட்டிருப்பார்கள். தேடி எடுத்துத் திரும்பப் பூட்டுங்கள்.

இன்னொரு பொறி கிளட்சில் இருக்கிறது. மஸி பெர்குசன் 240 போன்ற இரட்டைக் கிளட்ச் மெசின்களில், பாதி மிதித்தால் வண்டி நிற்கும், தண்டு நிற்காது. முழுதாக மிதித்தால்தான் தண்டுக்குப் போகிற சக்தி அறும். வண்டி நின்றுவிட்டது என்பதற்காகத் தண்டும் நின்றுவிட்டது என்று நம்பிப் பின்பக்கம் போகாதீர்கள். பி.ரி.ஓ. நெம்பை விலக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டு, தட்டு முழுதாக ஓய்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். சாவி உங்கள் பையில் இருந்தால் வேறொருவர் ஏறி ஸ்ராட் பண்ண முடியாது.

“ஒரு ஆணி போதும் அண்ணே”

போன போகத்தில் ஒரு வட்டையில், வாடிக்கு முன்னால் நின்ற மெசினில் ஒரு பொடியன் விசிறி மாட்டிக்கொண்டிருந்தான். கீழே இரண்டு கை, மேலே ஒன்று என மூன்று இடங்களில் ஊசி செருகி, ஒவ்வோர் ஊசியின் நுனியிலும் வளையப் பூட்டுப் போட வேண்டும். இரண்டில் பூட்டு இருந்தது. மூன்றாவதன் துளைக்குள் நான்கு அங்குல ஆணி ஒன்றைச் செருகி, கல்லால் இரண்டு தட்டுத் தட்டி வளைத்தான். பூட்டு எங்கே என்று கேட்டேன்.

“அது எங்கயோ விழுந்திட்டு. ஒரு ஆணி போதும் அண்ணே, வட்டைக்குள்ளதானே ஓடுறம்.”

அவன் சொன்னதில் அவனுக்கு ஐயமே இல்லை. அன்றைக்கு ஒன்றும் நடக்கவும் இல்லை. ஆனால் அந்த ஆணி வரம்பு தாண்டுகிற ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும். நிமிர்ந்து விழுந்தால் ஊசி கழன்றுவிடும், விசிறி ஒரு பக்கமாகச் சரியும். சரிகிற நேரத்தில் தண்டு சுழன்றுகொண்டிருந்தால் அது வளைந்து, ஜொயின்ற் சிதறி, இரும்புத் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெட்டு போல்ட் கதை இதைவிட மோசம். சில தண்டுகளில், கல்லோ கட்டியோ சிக்கித் தட்டு இறுகினால் முதலில் முறியட்டும் என்று வேண்டுமென்றே மெலிதான போல்ட் ஒன்றை வைத்திருப்பார்கள். அது அடிக்கடி முறிகிறது என்று எரிச்சல்பட்டு, கடையில் கிடைக்கிற ஆகப் பலமான போல்டை வாங்கிப் பூட்டுகிறார்கள். மலிவான சாமான் ஒன்று முறிய வேண்டிய இடத்தில் இப்போது கியர்பெட்டி உடையும், இல்லையென்றால் தண்டே முறிந்து சாட்டையாய்ச் சுழலும். அடிக்கடி முறிகிறது என்றால், உள்ளே ஏதோ இறுகுகிறது என்று அந்தப் போல்ட் உங்களுக்குச் சொல்கிறது. அதைத் தேடிப் பாருங்கள்.

தண்டின் நீளத்தை அளக்காமல் பூட்டாதீர்கள்

விசிறியோடு வருகிற தண்டு எல்லா மெசினுக்கும் பொருந்தும் என்று நினைப்பது பெருந்தவறு. அது ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய். விசிறியைத் தூக்கி இறக்கும்போது நீண்டு சுருங்கும். மிக நீளமாக இருந்தால், ஆகக் கிட்டே வரும் நிலையில் குழாயின் நுனி முட்டி, மெசினின் பி.ரி.ஓ. பெயரிங்கையே உள்ளே தள்ளிவிடும். மிகக் கட்டையாக இருந்தால், ஆகத் தூரம் போகும் நிலையில் இரண்டு குழாயும் கழன்றுவிடும். கழன்ற பாதி சுழன்றுகொண்டே சாரதியின் முதுகுப் பக்கம் அடிக்கும்.

எனவே தண்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மெசினிலும் மறு பாதியை விசிறியிலும் மாட்டுங்கள். எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு, விசிறியை வெவ்வேறு உயரங்களில் நிறுத்தி இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கம் பிடித்துப் பாருங்கள். ஆகக் கிட்டே வரும் நிலையில் நுனிக்கும் அடிக்கும் இடையே மூன்று, நான்கு சென்ரிமீற்றராவது மிஞ்ச வேண்டும். வேலை செய்கிற நிலையில் குழாய் நீளத்தில் மூன்றிலொரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளம் கூடியிருந்தால் உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் உறை என எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அராவி, கிறீஸ் பூசிப் பூட்டலாம். நீளம் குறைந்திருந்தால் வெல்டிங் கடைக்குப் போய்த் துண்டு வைத்து ஒட்டாதீர்கள். சரியான தண்டை வாங்குங்கள்.

முனையைச் செருகியதும் பூட்டு “டக்” என்று பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்டாலும் நம்பாதீர்கள், இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

சில புதிய மெசின்களில் 540க்குப் பக்கத்தில் 1000 சுற்று வேகமும் இருக்கிறது. 540க்குச் செய்த விசிறியை 1000இல் ஓட்டினால் வேகம் இரண்டு மடங்கை நெருங்கும், தட்டைப் பிய்க்கிற விசை மூன்று மடங்கைத் தாண்டும். தகடு பிய்ந்து பறக்க வேறு காரணமே வேண்டாம்.

முன் சக்கரம் தரையில் இருக்கிறதா?

விசிறி மெசினின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற சாமான். அங்கே ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெசினின் எடை 2000 கிலோ, அதில் முன் சக்கரத்தில் நிற்பது 800 கிலோ, இரண்டு அச்சுக்கும் இடைவெளி 2 மீற்றர் என்று வைப்போம். விசிறி 100 கிலோ. அதற்குள் 50 கிலோப் பை பத்துக் கொட்டினால் மொத்தம் 600 கிலோ. அந்தப் பாரத்தின் மையம் பின் அச்சிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி என்றால், முன் சக்கரத்திலிருந்து 300 கிலோவைத் தூக்கிவிடும். மிச்சம் 500.

மெசின் எடையில் ஐந்திலொரு பங்காவது, அதாவது இங்கே 400 கிலோவாவது, முன் சக்கரத்தில் நிற்க வேண்டும் என்பது பொது விதி. அதற்குக் குறைந்தால் ஸ்ரேறிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. நம் கணக்கில் இன்னும் 100 கிலோ கையில் இருக்கிறது. ஆனால் கட்டி தட்டிவிட என்று விசிறியின் மேல் இரண்டு பேர் ஏறி நின்றால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். அப்படியே வாய்க்கால் கட்டில் ஏறினால் முன்பக்கம் அந்தரத்தில் நிற்கும், மெசின் பின்பக்கமாகக் கவிழும். கவிழ்ந்த மெசினுக்கும் மண்ணுக்கும் இடையில் அகப்படுகிறவர் சாரதி.

ஆகவே தொட்டி கொள்கிறது என்பதற்காக நிரப்பாதீர்கள், முன்பக்கம் தாங்குகிற அளவுக்கு நிரப்புங்கள். முன்பக்கத்தில் இரும்புப் பாரம் பூட்ட வசதியிருந்தால் பூட்டுங்கள். கட்டு ஏறும்போது விசிறியைத் தாழ்த்தி, மெதுவாக, நேராக ஏறுங்கள். விசிறியின் மேல் ஆள் ஏறவே கூடாது.

தொட்டிக்குள் கை போகும் நேரம்

யூரியா காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். வாவிக்கரையின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? பை பிரித்து ஓரிரவு வைத்தால் காலையில் கட்டியாகிவிடும். யூரியாவையும் ரி.எஸ்.பி.யையும் முதல் நாளே கலந்து வைத்தால் இன்னும் மோசம். இரண்டும் சேர்ந்து கசிந்து களிபோல ஆகும். அந்தக் கட்டி தொட்டியின் வாயை அடைக்கும். தட்டு சுழலும், பசளை விழாது. அந்த இடத்தில்தான் பொடியன் இறங்கி வந்து, தட்டு சுழலச் சுழலத் தடியால் குத்துவான். தடி எட்டாவிட்டால் கையை விடுவான். அடியில் இருக்கிற கிளறிக் கம்பிக்குப் பசளைக் கட்டி, விரல் என்ற பேதம் தெரியாது.

தொட்டியின் வாயில் கம்பிச் சல்லடை போட்டு, கட்டியைத் தரையிலேயே உடைத்துச் சலித்துக் கொட்டினால் இந்த நிலையே வராது. கலப்பதென்றால் வயலில் வைத்து, கொட்டுகிற நேரத்தில் கலவுங்கள். அப்படியும் அடைத்தால் எஞ்சின் நிற்க வேண்டும், சாவி பைக்குள் போக வேண்டும். தட்டு சுழலும்போது பின்பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. பசளை மணியோடு கல்லும் பறக்கும், அது படுகிற இடம் கண்ணாகவும் இருக்கலாம்.

உப்பு தின்னும் இரும்பு

பொட்டாஷ் பசளை என்று நாம் வாங்குகிற எம்.ஓ.பி. வேறொன்றுமில்லை, பொட்டாசியம் குளோரைட். சாப்பாட்டு உப்பின் நெருங்கிய சொந்தம். இரும்பை அரிப்பதிலும் அப்படியே. ஏற்கெனவே உப்புக் காற்று, அதில் குளோரைட் தூசு, மேலே மழை. வெளியே பெயின்ற் பளபளக்கும், வெல்டிங் பொருத்துக்குள் இரும்பு செதில் செதிலாக உரியும். விசிறியைத் தாங்குகிற சட்டத்தின் பொருத்துகளை ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. மொத்தையாகக் கேட்டால் சுரண்டிப் பார்த்து, வெடிப்பிருந்தால் மாட்டாதீர்கள்.

வேலை முடிந்த அன்றே கிணற்றுத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, எண்ணெய் பூசுங்கள். வாவிக்குள் இறக்கிக் கழுவுகிற வழக்கத்தை மட்டும் விடுங்கள். உவர்த் தண்ணீரில் கழுவுவது உப்பைக் கழுவ உப்பைப் பூசுகிற வேலை. தொட்டியில் மிஞ்சிய யூரியா வாவியில் கரைந்தால் பாசி பெருகும், மீனுக்கும் றாலுக்கும் கேடு. வீசுவலை போடுகிற அயலவனின் சோற்றிலும் கை வைத்தவர்களாவோம்.

சிறிய லொறியின் பின்னால் வைக்கிற 12 வோல்ட் மோட்டர் விசிறி வாங்கியவர்களுக்கு ஒரு சொல். அதற்கு பி.ரி.ஓ. ஆபத்து இல்லை, தீ ஆபத்து இருக்கிறது. பற்றரியிலிருந்து வருகிற வயரில், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைக்க வேண்டும். மோட்டர் பக்கம் வைத்தால் இடையில் வயர் உரசிப் பற்றும்போது தடுக்க ஒன்றுமிருக்காது. உப்புக் காற்றில் பொருத்துகள் பச்சை பூத்துச் சூடேறும், அவற்றை அடிக்கடி சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

தெருவில், பாலத்தில், பாதையில்

விசிறியை மாட்டியதும் மெசினின் பின் லைற் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். பெரிய கல்லாறு தொடங்கி காத்தான்குடி வரை ஏ4 வீதியில் இரவில் பஸ் வருகிற வேகம் நமக்குத் தெரியாததல்ல. லைற் இல்லாமல் ஊர்கிற இரும்புச் சாமானைக் கடைசி நிமிடத்தில்தான் பஸ் சாரதி காண்பார். விசிறியின் இரு ஓரத்திலும் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டுங்கள், நீட்டு வயரில் லைற்றும் போடுங்கள். முடியாவிட்டால் பகலிலேயே வீடு சேருங்கள்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்குப் பயணம் இலேசாகிவிட்டது. ஆனால் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் இன்னும் இயந்திரப் படகுப் பாதையில் மெசின் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதையில் ஏற்றுமுன் தொட்டியை வெறுமையாக்கி, ஏறியதும் விசிறியைத் தரையில் இறக்கி, கைப் பிறேக் போட்டு, எஞ்சினை நிறுத்துங்கள். தூக்கி வைத்த பாரம் ஆடுகிற பாதையில் எமன்.

நடந்துவிட்டால்

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். தண்டை மறுபக்கம் சுழற்றி ஆளை எடுக்கலாம் என்று மெசினை மீண்டும் ஸ்ராட் பண்ணாதீர்கள். கத்தியால் துணியை அறுத்து விடுவியுங்கள். இரத்தம் ஓடுகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, அழுத்தத்தை விடாமல் பிடித்திருங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். வட்டைக்குள் வழி தெரியாது, ஆகவே ஓர் ஆளைப் பிரதான வீதிக்கு அனுப்பி நிறுத்துங்கள். விரலோ கையோ துண்டாகியிருந்தால் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வைத்து ஆளோடு கொண்டுபோங்கள். ஐஸ் நேரடியாகச் சதையில் படக் கூடாது. காயத்தில் மண்ணோ மஞ்சளோ வைக்காதீர்கள்.

முதலாளிமாரே, இது உங்களுக்கு

இவ்வளவையும் வாசித்துவிட்டு “சாரதிமார் கவனமாக இருக்க வேண்டும்” என்று பேப்பரை மடிக்காதீர்கள். மெசின் உங்களுடையது, ஓட்டுகிற பொடியன் கூலிக்கு வந்தவன். ஏக்கர்க் கணக்கில் கூலி கொடுத்தால், ஓடுகிற நேரத்துக்கு மட்டும் காசு, மாட்டுகிற நேரம் அவனுக்கு நட்டம். அளந்து பார்க்க அரை மணித்தியாலம் எடுத்தால் அவனுடைய கூலிதான் குறையும். அதனால்தான் பூட்டைத் தேடாமல் ஆணியைச் செருகுகிறான். அவனைப் பேசிப் பயனில்லை.

கருவி மாற்றுகிற ஒவ்வொரு தடவைக்கும் தனியாகக் கூலி போடுங்கள். ஊசிப் பூட்டு ஒரு டசின், சரியான வெட்டு போல்ட் பத்து, தண்டு உறை ஒன்று, சாரத்துக்குப் பதிலாக இறுக்கமான காற்சட்டை ஒன்று வாங்கி மெசின் பெட்டியில் போட்டுவையுங்கள். உறையில்லாத மெசினை ஓட்ட மாட்டேன் என்று ஒரு பொடியன் சொன்னால், அவனை மாற்றிவிட்டு வேறு ஆள் தேடாதீர்கள். உங்கள் மெசினை ஒழுங்காகப் பார்க்கப்போகிறவன் அவன்தான்.